மூழ்கிய நகை, செத்தவர் நகை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரிசோனாவின் கனாடோவில் உள்ள ஹபெல் வணிக நிலையத்தில் இருக்கும், அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நகைகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ‘டெட் பான்’ என்பதைச் ‘செத்தவர்களின் நகை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

அது மூழ்கிய நகை ஐயா. அடகுக்கடைப் படி ஏறிய எவருக்கும் தெரிந்த சொல். உங்களுக்குத் தெரியாதா? நவஹோ குடும்பங்கள் வசந்தத்தில் கம்பளியும் இலையுதிர் காலத்தில் ஆட்டுக்குட்டிகளும் விற்றுத்தான் பணம் பார்த்தார்கள். இடையில் மாவுக்கும் காப்பிக்கும் கழுத்து மாலையையும் வெள்ளி இடுப்புப் பட்டையையும் கடையில் வைப்பார்கள். சடங்கு வந்தால் கேட்டு வாங்கி அணிந்துவிட்டுத் திருப்பித் தருவதும் உண்டு. தவணைக்குள் மீட்க முடியாமல் போனதுதான் ‘டெட் பான்’. இறந்தவர் உடைமையைத் தொடவே அஞ்சும் மரபு அவர்களுடையது. அவர்கள் நகைக்கா இந்தப் பெயர்?

என் அம்மாவின் கெட்டிக் காப்பு 1974-ல் அப்படித்தான் மூழ்கியது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்தது. வட்டிப் பணத்தோடு போன அன்று ஏலம் முடிந்திருந்தது. அப்புறம் அம்மா அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ஃபீனிக்ஸில் வேலை பார்க்கும் மகனோடு கனாடோ போயிருந்தேன். அந்தப் பழைய மரத்தரையில் நின்று வெள்ளி வளையல்களைப் பார்த்தபோது காப்பு இல்லாத அம்மாவின் கைதான் கண்ணுக்குள் வந்தது.

அந்த நகைகளில் பதிக்கும் பச்சை கலந்த நீல நிற டர்க்காய்ஸை ‘நீலக்கல்’ என்றிருப்பதும் தவறு. நீலக்கல் சனிக்கு உரியது. இது வேறு கல். நவஹோ வெள்ளி வேலை, கடைக்காரர் ‘ஹபெல் தந்த கலை’யாம். அவர் 1878-ல் கனாடோவில் கடை தொடங்கும் முன்பே நவஹோ கொல்லர் அட்சிடி சானி வெள்ளி தட்டிக்கொண்டிருந்தார். மெக்சிகோ கொல்லர் ஒருவரிடம் தொழில் கற்றவர் அவர். 1864-ல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் சென்று, 1868 வரை நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ முகாமில் அடைத்து வைத்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முன்பொரு முறை நீங்கள் அவர்களைச் ‘செவ்விந்தியர்’ என்று அச்சிட்டபோதும் எழுதினேன். பதில் வரவில்லை. சரி, என் கடிதம் சின்னது என்று விட்டுவிட்டேன். இதை விட முடியவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: ‘செத்தவர்களின் நகை’ என்பதை ‘மூழ்கிய நகை’ என்று திருத்தி வாசிக்கவும்.

இப்படிக்கு,
முப்பது ஆண்டு வாசகி,
கும்பகோணம்