6 எப்படி 7 ஆச்சுன்னு கேட்டியே மச்சான்

பினாங்கு, ஞாயித்துக்கெழம காலையில

மச்சான்,

உன் வாய்ஸ் மெசேஜ மூணு தடவ போட்டுக் கேட்டேன். ஃபோன்ல பேசுனா பாதிய விட்டுடுவேன், அதான் எழுதறேன். எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில புத்துநோய்னு ஊசி குத்தி சதை எடுத்தப்ப (அதான் பயாப்சி) கிளீசன் 6ன்னாங்க, அதாவது நோய் எவ்வளவு முரடுன்னு போடற எண்ணு, ஆப்பரேஷன் முடிஞ்சதும் 7ங்கறாங்க, அதுக்குள்ள வளந்துடுச்சா இல்ல மொதல்ல சொன்னதே தப்பான்னு கேட்ட. நானும் அந்த ரிப்போர்ட்ட கையில வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி கார் பார்க்ல அரை மணி நேரம் வண்டிய எடுக்காம உக்காந்திருந்தேன்டா.

ரெண்டும் இல்ல. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வோம்ல, புராஸ்டேட்டுங்கற இந்தப் பானைக்கு அது செல்லாது, ஒரு பக்கம் ஒரு மாதிரி இன்னொரு பக்கம் வேற மாதிரி இருக்கும். பயாப்சில எனக்கு 12 துண்டு எடுத்தாங்க, ஒவ்வொண்ணும் நூல் மாதிரி, நீளம் ரெண்டு சென்டிமீட்டர் கூட வராது. ஆசனவாய் வழியா பின்னாலேருந்து குத்துறதால முன்பக்கத்துல இருக்கறது ஈஸியா தப்பிச்சிரும், எனக்கு நடந்தது அதுதான். பிஎஸ்ஏ, அதான் புராஸ்டேட்டுக்குப் பாக்கற ரத்த டெஸ்ட், எறங்கவே இல்லன்னு பிறகு எடுத்த எம்ஆர்ஐலதான் முன்பக்கத்துல ஒரு இடம் தெரிஞ்சது. அதனாலதான் ஆப்பரேஷனுக்கு ஒத்துக்கிட்டேன். முழுசா எடுத்து அறுத்துப் பாத்தா அந்த எடத்துல 4ஆம் வகை கொஞ்சம் இருந்திருக்கு. புத்துநோய் செல்லு எவ்வளவு மோசமா தெரியுதுன்னு வகை நம்பர் போட்டு, ரெண்டு நம்பரக் கூட்டுவாங்க. மொதல்ல 3+3, அது 6, இப்ப 3+4, அது 7.

இன்னொண்ணும் இருக்கு, இத யாரும் நமக்குச் சொல்றதில்ல. எண்ணு போடற முறையே ரெண்டுலயும் வேற. ஊசித் துண்டுல எது அதிகமா இருக்கோ அதையும், இருக்கறதுலயே மோசமானதையும் கூட்டுவாங்க. முழு சுரப்பியில அதிகமா இருக்கறதையும் அதுக்கு அடுத்து அதிகமா இருக்கறதையும் கூட்டுவாங்க. அதனால பயாப்சில 8 வந்து ஆப்பரேஷனுக்குப் பிறகு 7க்கு எறங்குற ஆளுங்களும் உண்டு. அதே 7லயும் 3+4 வேற, 4+3 வேற, பின்னது கொஞ்சம் முரட்டு ரகம். வெறும் 7ன்னு யாராவது சொன்னா எந்த 7ன்னு கேளு.

இப்ப உன் விஷயம். 6 வந்து ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு எண்ணு ஏறுது, ஆனா பெரும்பாலும் என்ன மாதிரி 3+4 வரைக்கும்தான். அதுக்காக நீயும் ஓடிப் போயி அறுத்துக்காத. உனக்கு ஒரே துண்டுல 6, டாக்டர் கவனிச்சுக்கிட்டே இருப்போம்னு சொன்னது சரியான வழிதான், ஆனா கவனிக்கறதுன்னா நெசமாவே கவனிக்கணும் மச்சான், பிஎஸ்ஏ தேதி தவறக்கூடாது, எம்ஆர்ஐ இன்னும் எடுக்கலன்னா கேட்டு எடு, அதுல ஏதாவது தெரிஞ்சா அந்த எடத்தையே குறி வச்சு மறுபடி பயாப்சி பண்ணச் சொல்லு. போன வருசம் வரைக்கும் பிஎஸ்ஏ பாக்கவே மாட்டேன்னு நின்னவன் நீ, எனக்கு அந்தப் பயம்தான் இன்னும் போகல.

எனக்கு ஆறு வாரம் கழிச்சு எடுத்த பிஎஸ்ஏ 0.1க்கும் கீழ. மூத்திரம் இன்னும் கொஞ்சம் கசியுது, பேட் வச்சிக்கறேன், தெனம் எக்சர்சைஸ் பண்றேன்.

உன் ரிப்போர்ட்ட எல்லா பக்கமும் படம் புடிச்சு அனுப்பு, மொத பக்கம் மட்டும் போதாது. தைப்பூசத்துக்கு கோலாலம்பூர்லேருந்து தங்கச்சியையும் கூட்டிட்டு வா. தண்ணிமலை முருகன் கோயிலுக்கு 500 படிக்கு மேல, இந்தத் தடவ என்னால ஏற முடியாது, கீழ தண்ணிப் பந்தல்ல உக்காந்திருப்பேன், நீ ஏறி எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வா.