மலை இறங்கறதுக்கு முன்னாடி பிரேக் ஆயில மாத்துங்க

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்ங்க.

சீசன் ஆரம்பிச்சா போதும், மலைப்பாதை விபத்து செய்தியும் கூடவே வந்துடுது. குன்னூர் ரோடு, கோத்தகிரி ரோடு, கல்லட்டின்னு எங்க நடந்தாலும் பிரேக் பிடிக்காம கார் கவுந்துச்சுன்னு ஒரு வரி போட்டுட்டு அதோட விட்டுடறீங்க. ஏன் பிடிக்கலன்னு யாரும் எழுதறதில்ல. நான் மெக்கானிக் இல்லீங்க, மேட்டுப்பாளையத்துல இருக்கற சாதாரண கார்க்காரன், என் வண்டி பிரேக் வேலைய வீட்டு வாசல்லயே நானே பாத்துக்கறவன், அந்த உரிமைல எழுதறேன்.

எல்லா விபத்துக்கும் இதான் காரணம்னு சொல்ல வரல. நியூட்ரல்ல இறக்கறவங்க இருக்காங்க, பேட் தேஞ்சு இரும்போட இரும்பு உரசற வண்டியும் இருக்கு. ஆனா பிரேக் ஆயில் பக்கம் மட்டும் யாருமே எட்டிப் பாக்கறதில்ல, இஞ்சின் ஆயில் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்துறவன்கூட பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனேன்னு கேட்டா முழிக்கறான்.

ஊட்டி கடல் மட்டத்துல இருந்து 2,240 மீட்டர், இங்க எங்க ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள சுமார் 1,900 மீட்டர் இறங்கணும். ஒரு டன் எடை இருக்கற கார் அவ்ளோ உயரம் இறங்கறப்ப வெளிய வர்ற சக்திய கணக்கு போட்டா அறுபது லிட்டர் பச்சத் தண்ணிய கொதிக்க வைக்கற அளவு வரும்ங்க. அதுல ஒரு பங்க காத்து வாங்கிக்கும், ரெண்டாவது கியர்ல வந்தா இஞ்சின் பெரும் பங்க வாங்கிக்கும், நாலாவது கியர்ல கால பிரேக்லயே வச்சுட்டு வந்தா மிச்சம் அத்தனையும் வீல்ல இருக்கற பிரேக் டிஸ்க்கும் டிரம்மும்தான் தாங்கணும், அங்க இருந்து சூடு நேரா ஆயிலுக்கு ஏறும்.

நீங்க பெடல்ல மிதிக்கற மிதிய வீல் வரைக்கும் கொண்டு போறதே அந்த ஆயில்தான், அதோட குணம் என்னன்னா காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும். டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தரத்த சொல்ற நம்பர், டப்பா மேலயே போட்டிருக்கும். டாட் 3 ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது, டாட் 4 230 டிகிரி, அதான் கணக்கு. அதே ஆயில்ல 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா அந்த அளவு 140, 155னு இறங்கிடுது. கொதிச்சா ஆவி, ஆவின்னா குமிழி. ஆயில அமுக்க முடியாது, குமிழிய அமுக்கலாம், அதனால நீங்க மிதிக்கற மிதி பூரா குமிழிய அமுக்கறதுலயே போயி பெடல் தரைய தொட்டுடும், வண்டி நிக்காது. இதுல கொடும என்னன்னா வண்டி ஆறுனதும் குமிழி திரும்ப கரஞ்சுடும், அப்புறம் யார் மிதிச்சுப் பாத்தாலும் பிரேக் நல்லாத்தானே இருக்குன்னுதான் சொல்லுவாங்க, பழி டிரைவர் மேல போயிடும்.

சர்வீஸ்ல விட்டா மாத்திடுவாங்கன்னு நம்பறோம். நான் வண்டி விட்டுட்டிருந்த எடத்துல பில்லுல பிரேக் சர்வீஸ்னு தெளிவா போட்டிருந்தான், செஞ்சது என்னன்னா டிரம்ம கழட்டி தூசி ஊதிட்டு மேல பானட்டுக்குள்ள இருக்கற பிரேக் ஆயில் டப்பால கொஞ்சம் ஆயில் ஊத்தினது. டப்பால ஊத்தறதும் மாத்தறதும் ஒண்ணு இல்லீங்க. இஞ்சின் ஆயில் மாதிரி பிரேக் ஆயில் சுத்தி வராது, வீல் கிட்ட இருக்கற ஆயில் வருசக்கணக்கா அங்கயேதான் கெடக்கும், சூடு ஏறறதும் அங்கதான். ஒவ்வொரு வீல் பிரேக்லயும் ஆயில வெளிய விடறதுக்குன்னு நிப்பிள்னு ஒரு சின்ன திருகு இருக்கும், அத தொறந்து வெளிய எடுத்தாத்தான் உண்டு. பெரும்பாலான கம்பெனி புக்குலயே ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ மாத்தச் சொல்லித்தான் போட்டிருக்கு.

முன்னெல்லாம் இதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் உள்ள உக்காந்து மிதிக்கணும், ஒருத்தர் கீழ படுத்து நிப்பிள தொறந்து மூடணும், "அமுத்து, புடி, விடாத, விடாதன்னு சொன்னேன்ல"ன்னு தெருவே கேக்கும், அன்னைக்கு சாயங்காலம் வீட்ல காபி கெடைக்காது. இப்ப ஒரே ஆள் செய்யற கிட் சில நூறு ரூபாய்க்கு கெடைக்குது. பெரிய விசயம் ஒண்ணும் இல்ல, ஒரு பாட்டில், ஒரு டிரான்ஸ்பரன்ட் டியூப், நடுவுல ஒரு ஒன்வே வால்வு, அவ்ளோதான். மிதிச்சா ஆயில் வெளிய போகும், கால எடுத்தா திரும்ப உள்ள காத்து போகாது. வாங்குனதும் காஞ்ச நிலைலயே வால்வ ரெண்டு பக்கமும் ஊதிப் பாருங்க, ஒரு பக்கம்தான் போகணும், ரெண்டு பக்கமும் போச்சுன்னா அது கடைக்காரனுக்கே திரும்பட்டும். ஆயில் பட்டதுக்கு அப்புறம் வாய் வைக்கக்கூடாது, விஷம்.

செய்முறை சொல்றேன். சமமான தரைல வண்டிய நிறுத்தி, தரைல இருக்கற வீலுக்கு முட்டு குடுத்து, ஜாக்கில தூக்கி கட்டாயம் ஸ்டாண்டு வைங்க, ஜாக்கிய மட்டும் நம்பி எவனும் அடில தலைய விடாதீங்க. மொதல்ல மேல டப்பால இருக்கற பழைய ஆயில ஊசி இல்லாத சிரிஞ்சால முக்காவாசி உறிஞ்சிட்டு, மூடில என்ன டாட்னு போட்டிருக்கோ அதே புது ஆயில, சீல் பிரிக்காத டப்பால இருந்து ஊத்துங்க. பாதி தீந்து ஷெட்ல கெடந்த டப்பா வேணாம், அது ஏற்கனவே ஈரம் குடிச்சிருக்கும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டருக்கு, அதாவது பெடல மிதிச்சா ஆயில வீலுக்கு தள்ளற சிலிண்டருக்கு, தூரமான வீல்ல இருந்து ஆரம்பிக்கணும், நம்ம ஊரு வண்டில பொதுவா பின்னாடி இடது, பின்னாடி வலது, முன்னாடி இடது, கடைசியா டிரைவர் பக்கம். சில வண்டிக்கு வரிசை மாறும், புக்க ஒரு தடவ பாத்துக்கோங்க.

பின்னாடி டிரம்முக்கு உள்பக்கம் கைய விட்டு தடவுனா சேறு அப்பி ஒரு சின்ன ரப்பர் மூடி தட்டுப்படும், அதுக்குள்ளதான் நிப்பிள். கம்பி பிரஷ் வச்சு தேச்சுட்டு முந்தின நாளே துரு எடுக்கற ஸ்பிரே அடிச்சு வைங்க. பெரும்பாலும் 8 இல்லன்னா 10 சைஸ் ஸ்பேனர், கண்டிப்பா ரிங் ஸ்பேனர்தான், ஓபன் ஸ்பேனர் போட்டா முனை மழுங்கி அப்புறம் அழ வேண்டியதுதான். ஸ்பேனர மொதல்ல மாட்டிட்டு அது மேல டியூப மாட்டணும், மாத்தி மாட்டுனா திரும்ப கழட்டணும். கால் சுத்து, மிஞ்சிப் போனா அரை சுத்து தொறந்தா போதும். இஞ்சின ஆஃப்லயே வச்சு பெடல மெதுவா மிதிச்சு மெதுவா விடுங்க. பழைய வண்டின்னா பெடலுக்கு அடில ஒரு மரக்கட்டத் துண்டு போட்டுக்கோங்க, ஏன்னா வழக்கமா போகாத ஆழத்துல மாஸ்டர் சிலிண்டருக்குள்ள துரு இருக்கும், தரை வரைக்கும் மிதிச்சா அது வாஷர கிழிச்சுடும்.

டியூப்ல மொதல்ல வர்றத பாத்தா மனசு கெட்டுடும், டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பா வரும், நடுநடுவுல குமிழி. அப்புறம் கொஞ்ச கொஞ்சமா வெளுத்து இளம் மஞ்சளாகி குமிழி நிக்கற வரைக்கும் விடணும். இங்கதான் தனியா செய்யறவன் கோட்டை விடுவான், டியூப் கலர பாக்கற சந்தோசத்துல மேல டப்பாவ மறந்துடுவான். சில மிதிக்கு ஒரு தடவ எந்திரிச்சுப் போயி டப்பாவ பாத்து ஊத்திட்டே இருக்கணும், அது காலியாச்சுன்னா மேல இருந்து காத்து எறங்கி மொத்தமும் மறுபடி முதல்ல இருந்து. சின்ன காருக்கு ஒரு லிட்டர் ஆயில் தாராளமா பத்தும்.

கையால இழுக்கற வேக்கம் பம்பும் விக்கறாங்க, எனக்கு அது அவ்ளவா பிடிக்கல, நிப்பிள் மரை வழியா வெளிக்காத்தையே உறிஞ்சுட்டு குமிழி நிக்காம வந்துட்டே இருக்கும், லைன்ல காத்து இருக்குன்னு நெனச்சு ஆயில வீணாக்குவோம். மரைய சுத்தி கொஞ்சம் கிரீஸ் தடவுனா குறையும். நிப்பிள மூடறப்ப பலத்த காட்டாதீங்க, உள்ள ஓட்ட இருக்கற மெல்லிய சாமான், உடைஞ்சுடும். பெயின்ட்ல ஆயில் சொட்டுனா துணில தொடைக்காம உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க, பெயின்ட்ட தின்னுடும். பழைய ஆயில சாக்கடைல ஊத்தாம ஏதாவது ஒர்க்‌ஷாப் கழிவு ஆயில் டிரம்முல சேத்துடுங்க.

முடிச்சதும் பெடல் கல்லு மாதிரி நிக்கணும், இஞ்சின் ஸ்டார்ட் பண்ணா லேசா ஒரு இஞ்ச் இறங்கும், அது சரிதான். பஞ்சு மாதிரி இருந்தா வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார்ல எல்லாம் ஏபிஎஸ் இருக்கு, அதாவது அழுத்தி பிரேக் போட்டாலும் வீல் லாக் ஆகாம பாத்துக்கற அமைப்பு, அதோட யூனிட்டுக்குள்ள காத்து போயிட்டா வீட்டு பாட்டில் வேலைக்காகாது, ஸ்கேனர் வச்சு பம்ப ஓட விட்டு எடுக்கணும். பின்னாடி எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருக்கற வண்டி, ஆயில் அடிக்கடி குறையற வண்டி, துருவுல நிப்பிள் அசையாத வண்டி, இதெல்லாம் நல்ல மெக்கானிக் கிட்ட போறதுதான் நல்லது. ஆனா போயி நாலு வீல்லயும் நிப்பிள தொறந்து எடுங்கன்னு கேட்டு, எடுத்த பழைய ஆயில கண்ணுல காட்டச் சொல்லுங்க.

அய்யா, உங்ககிட்ட கேக்கறது இதான். சீசன் நேரத்துல ஊட்டி போறவங்களுக்குன்னு நீங்க போடற பக்கத்துல ஸ்வெட்டர், ரோஜா கண்காட்சி, ஒன்வே ரோடு எல்லாம் வருது, அதுல பிரேக் ஆயில் பத்தி நாலு வரி சேத்துக்கோங்க. 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு வெளி வண்டி எல்லாம் இ-பாஸ் எடுத்துத்தான் வரணும்னு ஆயிருக்கு, அந்த ஃபார்ம்லயே கடைசியா பிரேக் ஆயில் மாத்துன தேதி என்னன்னு ஒரு கேள்விய வைக்கச் சொல்லி கலெக்டர் ஆபீஸுக்கு உங்க பேப்பர் மூலமா ஒரு வார்த்த எழுதுங்க. பதில் கட்டாயம் இல்லன்னாகூட பரவால்ல, அந்த கட்டத்த நிரப்பறப்பவாவது பாதி பேரு போயி பானட்ட தொறந்து பாப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
மேட்டுப்பாளையம்.