ரத்தத்தில் இருக்கிறதா என்று கேட்டாயே

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அம்மாவும் நானும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "குற்றம் செய்யும் புத்தி ரத்தத்திலேயே இருக்கிறதாப்பா? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஆமாம் என்கிறார்கள்" என்றாய். நீ அனுப்பிய கட்டுரைகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் வீட்டில் இதை யாரும் வெறும் பாடமாகப் படித்துவிட முடியாது. உன் தாத்தாவின் பத்து விரல் ரேகையும் போலீஸ் பதிவேட்டில் இருந்தது. அவர் எதையும் திருடியதில்லை. திருடியதாக ஒருவரும் புகார் கொடுத்ததும் இல்லை. பிரமலைக் கள்ளராகப் பிறந்திருந்தார், ரேகை எடுக்க அது போதும். சில குலத்தாரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தி 1871-இல் வடக்கே வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பக்கத்தில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். ஆண்கள் ராத்திரியில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பகலெல்லாம் கமலை இறைத்துவிட்டு வந்து, கம்பங்கூழைக் குடித்த கையோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவடிக்கு நடப்பார்களாம். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வழக்கு. கல்யாணமான புதிதில் அப்பத்தா காய்ச்சலில் சுருண்டு கிடந்த ராத்திரியிலும் தாத்தா சாவடியில்தான் படுத்திருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில், நம் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் அது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சட்டம் நம் மாகாணத்தில் ஒழிந்தது 1947-இல்.

அதற்குப் பின்னால் இருந்த வாதத்தைக் கவனி. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, ஆகவே திருடன் மகன் திருடன். இங்கே குலத்தைக் காட்டினார்கள். அதே காலத்தில் இத்தாலியில் லோம்ப்ரோசோ என்ற மருத்துவர் மண்டையோட்டைக் காட்டினார். வில்லெல்லா என்ற கைதியின் மண்டையில் ஒரு பள்ளத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் ஆதிமனிதனின் குணத்தோடு பிறந்தவர்கள் என்று முடிவு கட்டி, 1876-இல் புத்தகமே போட்டார். தாடை பெரிது, காது இப்படி, கை நீளம் என்று அளந்து தள்ளினார். இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் சுமார் 3,000 கைதிகளை அளந்து பார்த்து, குற்றவாளிக்கென்று தனி உடல்வாகு கிடையாது என்று 1913-இல் எழுதினார். அது அச்சாகி வெகுகாலம் ஆன பிறகும் நம் ஊரில் ரேகை எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அறிவியல் திருத்திக்கொண்டாலும் பதிவேடு திருந்துவதில்லை, தாயி.

1965-இல் ஸ்காட்லாந்தில் காவலில் இருந்த நோயாளிகளிடம் சிலருக்கு, ஆணுக்கு ஒன்றே இருக்க வேண்டிய ஒய் குரோமோசோம் கூடுதலாக ஒன்று தென்பட்டதும் 'கொலைகாரக் குரோமோசோம்' என்று உலகமே பேசியது. டென்மார்க்கில் விரிவாகத் தேடிப் பார்த்து, அவர்கள் அப்படியொன்றும் வன்முறைக்காரர்கள் இல்லை என்று 1976-இல் சொன்னார்கள். அந்தக் கதை அவ்வளவுதான்.

இதையெல்லாம் படித்ததும் உடம்புக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று உனக்கு எழுதிவிடலாம் போலத்தான் இருந்தது. அப்படி எழுத விடாமல் தடுத்தது நீ அனுப்பிய வர்ஜீனியா ஆசிரியரின் கதை. நாற்பது வயது, அதுவரை ஒரு வழக்கும் இல்லாத மனிதர். திடீரென்று குழந்தைகளிடம் தகாத இச்சை. அது வழக்காகி, தண்டனை வாசிக்கப்படுவதற்கு முந்தின நாள் தலைவலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஸ்கேனில் நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே, முட்டை அளவில் கட்டி. அதை எடுத்ததும் அந்த இச்சை போய்விட்டது. சில மாதம் கழித்துத் திரும்பவும் தலைதூக்கியது. பார்த்தால் கட்டியும் திரும்ப வளர்ந்திருந்தது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்தவன். அப்படி ஒருவரைக் கேள்விப்பட்டிருந்தால் காறித் துப்பியிருப்பேன். அந்த இரண்டு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நியூசிலாந்தின் டனீடன் ஊர் ஆராய்ச்சிதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது. 1972-73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைக் குழந்தையிலிருந்தே விடாமல் தொடர்ந்திருக்கிறார்கள். அதில் ஆண்பிள்ளைகளிடம் எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணுவை, மூளையின் சில ரசாயனங்களைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது அது, பார்த்து 2002-இல் எழுதினார்கள். 'போர்வீர மரபணு' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தது இதற்குத்தான். அந்த மரபணு குறைவாக வேலை செய்யும் பையன்கள் சும்மா முரடர்களாகிவிடவில்லை. சின்ன வயதில் அடியும் வதையும் பட்டு வளர்ந்திருந்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தவர்கள் 12 சதவீதம்தான், ஆனால் வன்முறைக் குற்றத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் மேல். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இவ்வளவு அழுத்தமாக வரவில்லை என்கிறாய், சரி. ஆனாலும் விதை முளைக்கிறதா என்பதை ஈரம் தீர்மானிக்கிறது என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஈரத்தைப் பற்றி நாம் ஏதாவது செய்ய முடியும்.

லண்டனில் பௌல்பி என்ற மனநல மருத்துவர் 44 திருட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 1944-இல் எழுதியதையும் வாசித்தேன். தாயைப் பிரிந்து நெடுநாள் இருந்தவர்களே பெரும்பாலும் யாரிடமும் ஒட்டுதல் இல்லாத பிள்ளைகள் ஆனார்கள் என்கிறார். அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் எங்கே போனார்கள்? அதை அவர் போதுமான அளவு கேட்கவில்லை. பழியை அம்மாவின் தலையில் போடுவது எந்த ஊரிலும் சுலபம்.

டனீடன் ஆராய்ச்சியில் இருந்த மோஃபிட் என்ற உளவியலாளர் 1993-இல் சொன்னது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. விடலைப் பருவத்தில் தப்புச் செய்பவர்களில் பெரும்பாலானோர் வயது ஏறியதும் தாமாக விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பேர்தான் சின்னதிலிருந்து கடைசிவரை தொடர்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் சத்துணவு அறைப் பூட்டை நெம்பிய பையன் ஒருவனை டி.சி. கொடுத்து அனுப்பச் சொன்னார்கள். "அவன் பரம்பரை அப்படி" என்று சொன்னவர் எங்கள் கூடப் படிப்பித்த வாத்தியார்தான். நம் பிள்ளைகளுக்கென்றே அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் நின்றுகொண்டு அதைச் சொன்னார்! டி.சி. கொடுக்க நான் விடவில்லை. இன்று அவன் தேனியில் லாரி வைத்து ஓட்டுகிறான்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: உடம்பில் இருக்கலாம், பிறப்பில் தேடாதே. தலையில் விழுந்த அடி, குடித்த தண்ணீரிலும் பெயின்ட்டிலும் இருந்த ஈயம், பட்டினி, அப்பன் குடித்துவிட்டு வந்து போட்ட உதை எல்லாம் மூளையில் தடம் வைக்கின்றன. அவையும் உயிரியல்தானே. ஆனால் அவை அந்த ஒருவனுக்கு நடந்தவை. அவன் தம்பிக்கோ, ஊருக்கோ, சாதிக்கோ அதைத் தூக்கிப் பொருத்த எவருக்கும் உரிமை இல்லை. நாளைக்கே ஸ்கேனைக் காட்டி, இவன் செய்யப்போகிறான் என்று செய்வதற்கு முன்பே பெயரெழுதச் சொன்னால், நீ கையெழுத்துப் போடக் கூடாது.

ஜெயிலில் இருப்பவர்களிடம் பழைய தலைக்காயம் வெளியில் இருப்பவர்களைவிட அதிகம் என்று ஒரு கட்டுரையில் இருந்ததே, அதைப் பற்றி உன் ஆய்வை வைத்துக்கொள்ள முடியுமா என்று உன் வழிகாட்டியிடம் கேட்டுப் பார். மதுரையில் அப்படி யாரும் கேட்டு எழுதியதாக நான் பார்த்ததில்லை. படிப்பு முடிந்து வந்து இங்கே செய்தாலும் சரி.

அன்புடன்,
அப்பா