பத்து வருட உத்தரவாதம் தந்த அண்டர்பாடி கோட்டிங்குக்கு அடியில் துரு: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா,

மூன்று வருடத்துக்கு முன் புது காரை எடுத்த கையோடு அடிப்பாகம் துருப்பிடிக்காமலிருக்க உங்கள் மையத்தில் ரப்பர் அண்டர்பாடி கோட்டிங் அடித்தேன். அதற்குப் பதில் வேக்ஸ், அதாவது மெழுகுப் பூச்சு, அடிக்கலாமா என்று அன்றே கேட்டேன். "அது பிசுபிசுன்னு இருக்கும் சார், அடிக்கடி திரும்ப அடிக்கணும். இதை ஒரு தடவை அடிச்சா பத்து வருஷத்துக்குத் திரும்பியே பார்க்க வேண்டாம்" என்றார் உங்கள் விற்பனையாளர்.

போன வாரம் பிரேக் வேலைக்காக வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். அடிப்பாகம் கன்னங்கரேலென்று புதுசு போலத்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்த மெக்கானிக், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் 'பொத்'தென்று கேட்டதும் நின்றார். அங்கே மயிரிழை போல ஒரு வெடிப்பு. நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது, கூடவே தண்ணீரும் சொட்டியது. மழை நின்று ஐந்து நாள் ஆகியிருந்தது! உள்ளே தகடு பொருக்குப் பொருக்காகத் துருவேறிக் கிடந்தது.

ரப்பர் கோட்டிங் கல்லடியைத் தாங்கும், சத்தத்தைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது இறுகி வெடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கோட்டிங்கை இன்னும் தூக்கிவிடுகிறது. வேக்ஸும், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகான லானோலினும் இறுகுவதில்லை, மூட்டு இடுக்குகளில் ஊறி நிற்கும். என் தம்பி வண்டிக்கும் இதே வயதுதான், அதில் அடித்தது லானோலின். தொட்டால் கை பிசுக்காகும், துடைத்துப் பார்த்தால் வெல்டிங் மூட்டு சுத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, ஒரு கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் துளைகளையும் உங்கள் ஆட்கள் சேர்த்து அடைத்திருக்கிறார்கள். இதற்கு எந்தக் கோட்டிங்கையும் குறை சொல்ல முடியாது.

'பராமரிப்புக் குறைவு' என்று போனில் சொன்னீர்கள். வருடாந்திரப் பரிசோதனைக்குத் தவறாமல் வந்தேன், அட்டையில் உங்கள் முத்திரையே இருக்கிறது. கடைசி முறை லிஃப்டில்கூட ஏற்றாமல், குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அதைக் குத்தினார்கள்.

மேலே இன்னொரு கோட் அடித்துத் தருவதாகச் சொன்னது எனக்கு வேண்டாம். சீழை உள்ளே வைத்துக் கட்டுப் போடுகிற வேலை அது. பிடிப்பு விட்ட இடத்தையெல்லாம் சுரண்டி, துருவை எடுத்து, நன்றாகக் காயவைத்து, பிரைமர் அடித்து, துளைகளைத் திறந்து, உட்குழிகளுக்கு வேக்ஸ் அடித்து உங்கள் செலவில் தர வேண்டும். முடியாதென்றால் கட்டிய முழுத்தொகையையும் திருப்பித் தாருங்கள்.

15 நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். படங்களையும் உத்தரவாத அட்டையின் நகலையும் இணைத்துள்ளேன். உரிந்த துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்