இருநூற்று ஐம்பது ரூபாய்ச் சண்டை

திருவானைக்கோவில்

அன்புள்ள லதா,

உன் கணக்குக்கு ஐயாயிரம் ரூபாய் வந்திருக்கும். திருப்பி அனுப்பினால் உன்னோடு பேச்சே கிடையாது. 'இப்ப என்னடி அவசரம்' என்பாய், தெரியும். மீதியையும் மாதாமாதம் இப்படியே அனுப்பிவிடுகிறேன். வட்டிக்கு ஒரு ஜாடி மாவடு வருகிறது. அம்மா போட்டது, அதனால் தைரியமாகச் சாப்பிடலாம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பாப்பா நாலாவது போகப் போகிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். என் வீட்டுக்காரர் விஷயமும் அப்படியேதான். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து மனுப் போட ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்றார் வக்கீல். அது எப்போதோ ஆகிவிட்டது. கையெழுத்து என்றால் மட்டும் 'பார்க்கலாம், பார்க்கலாம்'. நம் வார்டனிடம் லீவு கேட்ட மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பா என்னோடு பேசுவதில்லை. காரணம் செல்வமகள் சேமிப்புத் திட்டம்.

பாப்பாவுக்குப் பத்து வயது ஆவதற்குள் அந்தக் கணக்கைத் திறக்க வேண்டும், அப்புறம் முடியாது. 8.2 சதவீத வட்டி, வட்டிக்கு வரியும் கிடையாது. நல்ல திட்டம், நான் குறையே சொல்லவில்லை. ஆனால் சித்தப்பா கணக்கு என்ன தெரியுமா? மாதம் எனக்கு மிஞ்சுகிற ஒன்பதாயிரத்தில் உன் கடன் போக மீதி நாலாயிரத்தையும் அதில் போட வேண்டுமாம். 'பொம்பளப் பிள்ளையை வெச்சுக்கிட்டு நீ யோசிக்கவே கூடாதும்மா' என்கிறார். அம்மாவும் அவர் பக்கம். மாடி வீட்டு மாமிகூட அவர் பக்கம். அந்த மாமி நடத்துகிற சீட்டில் நான் சேரவில்லை என்ற கோபம் வேறு அதில் கலந்திருக்கிறது.

அந்தப் பணம் அவள் பத்தாவது தேறும்வரை அல்லது அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை வெளியே வராது. அப்போதும் படிப்புக்கென்று பாதிவரைதான் எடுக்கலாம். முழுசாகக் கைக்கு வருவது கணக்கு தொடங்கி 21 வருடம் கழித்து. கல்யாணம் என்றால் கொஞ்சம் முன்னால். நடுவில் எனக்கு வேலை போனால்? எங்கள் கல்லூரி நிர்வாகம் போன வருடம் ஆபீசில் ரெண்டு பேரை ஒரே நாளில் 'நாளைலேர்ந்து வர வேண்டாம்' என்றது. அன்றைக்குத் தபால் ஆபீசில் போய்ப் பாப்பாவின் கல்யாணப் பணத்தில் வாடகைக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? நான் விழுந்தால் அவளும் சேர்ந்துதானே விழுவாள். இதை நான் சொன்னால் சுயநலமாம்.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன் லதா. வாடகை எட்டாயிரத்து ஐந்நூறு. பால், மளிகை, கேஸ் எல்லாம் சேர்த்து ஆறாயிரம். பள்ளிக்கூடம், வேன் மூவாயிரத்து ஐந்நூறு. கரண்டு, போன், அம்மா மாத்திரை இரண்டாயிரம். மேல் செலவுக்கு இன்னொரு இரண்டாயிரம். ஆபீசுக்கு டவுன் பஸ்ஸில் போவதால் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, இல்லையென்றால் அதுவேறு. ஆக, ஒரு மாதம் மூச்சுவிட இருபத்திரண்டாயிரம் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். அது சேரும்வரை வேறு எதற்கும் காசு கிடையாது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அந்த நாலாயிரத்தில் பாதியை வேறொரு வங்கியில் ஒரு வருட ஆர்.டி.யாக, அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பாகப் போடுகிறேன், பாதி அங்கேயே சேமிப்புக் கணக்கில். தபால் ஆபீஸ் ஆர்.டி.க்கு 6.7 வட்டி, ஆனால் அது ஐந்து வருடம். மூன்று வருடம் ஆகாமல் மூட முடியாது. வங்கியில் என்றால் வட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் உடைத்துக் கொடுத்துவிடுவான். எனக்கு இப்போது வட்டி முக்கியமில்லை, கைக்கு எட்டுவதுதான் முக்கியம்.

'வேறொரு வங்கி' என்று சொன்னேனே, அதற்கும் காரணம் இருக்கிறது. வீட்டுக் கடன் ரெண்டு பேர் பேரிலும் இருக்கிறது. வீட்டில் இருப்பவர் அவர், தவணை கட்டுவதாக எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டவரும் அவர். நடுவில் ஒரு தவணையை விட்டுவிட்டார். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடுகிற என் சிபில் மதிப்பெண் சரிந்தது. வங்கிக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார், மோர்கூட வந்தது. 'மேடம், நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டாலும் அது உங்களுக்குள்ள. எங்களைப் பொறுத்தவரை முழுக் கடனுக்கும் ரெண்டு பேரும் பொறுப்பு' என்றார். என் பேரை எடுங்கள் என்றால், சார் தனியாக அந்தக் கடனுக்குத் தகுதி காட்ட வேண்டுமாம். பாக்கி விழுந்தால் அதே வங்கியில் என் பேரில் இருக்கிற பணத்திலும் அவர்கள் கை வைக்க முடியும். மோரைக் குடித்துவிட்டு நேரே எதிர்ச் சாரியில் இருந்த வங்கிக்குப் போய்க் கணக்குத் தொடங்கினேன். பத்து வருடமாகச் சம்பளம் வந்த அன்றே பொதுக் கணக்குக்குப் போய்விடும், நீ பார்த்ததுதானே. என் பேர் மட்டும் போட்ட பாஸ்புக்கை அன்றைக்குத்தான் கையில் வாங்கினேன். அந்த கிளார்க் 'ஜாயின்ட்டா, சிங்கிளா?' என்று நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான். சிங்கிள் என்று சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

சிரிக்கிற விஷயம் ஒன்றும் இருக்கிறது. பி.எஃப். நாமினியை மாற்றப் போனேன். குடும்பத்துக்குள்தான் போட முடியும், பாப்பா பேரைப் போடலாம், சரி. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறதாம். பெண் உறுப்பினர், கணவரைக் குடும்பத்திலிருந்து விலக்க விரும்புவதாக பி.எஃப். கமிஷனருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும், அவர் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. அவரைச் சார்ந்திருக்கிற அவர் அப்பா அம்மாவும் சேர்ந்து போய்விடுவார்கள்! கோர்ட்டு, வக்கீல், கையெழுத்து எதுவும் வேண்டாம். எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு இதைச் சொல்லிவிட்டுத் தானே பயந்துபோனார். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு நாளில் என் பேச்சை மறு கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்ட ஒரே ஆபீஸ் அதுதான். உன் நாமினி யார் என்று ஒரு தடவை பார். கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பா பேரைப் போட்டிருந்தால் அது செல்லாது, கல்யாணம் ஆனதும் புதிதாகப் போட வேண்டும்.

சித்தப்பா கதையை முடிக்கவில்லையே. செல்வமகளில் வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினால் போதும், கணக்கு உயிரோடு இருக்கும். அதிகபட்சம்தான் ஒன்றரை லட்சம். அதனால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போய், சரியாக 250 ரூபாயில் திறந்துவிட்டு வந்தேன். வயது வரம்பும் தாண்டாது, என் நாலாயிரமும் பத்திரம். ஆறு மாதப் பணம் சேர்ந்த பிறகு அதில் நிறையப் போடலாம், பதினைந்து வருடம் கட்ட இடம் இருக்கிறது. பாஸ்புக்கைச் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டினார், கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். 'இருநூத்தம்பதா?' என்றார். அன்றிலிருந்து மௌனம். பொங்கல் சீருக்கு எப்படியும் பேசித்தானே ஆக வேண்டும்!

போன வாரம் ஆர்.டி.யும் சேமிப்புமாகச் சேர்த்து இருபத்திரண்டாயிரத்தைத் தாண்டியது. ஒரு மாதம் கையில் இருக்கிறது. இன்னும் ஐந்து மாதம் சேர்க்க வேண்டும்.

நம் சிநேகிதி 'வாத்து'வின் தம்பி கல்யாணத்துக்கு நீ வருகிறாய் அல்லவா? மொய் எவ்வளவு எழுதப் போகிறாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அதில் பாதி எழுதுவேன், மண்டபத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பாயசம் குடிப்பேன்.

உன்
ராஜி