அன்புள்ள டாம் பிரவுன் ஐயாவுக்கு

வயிற்றில் இருக்கும் குழந்தையைக் காட்டும் ஸ்கேனைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், பெரும்பாலும் இயன் டொனால்டு பெயரைத்தான் சொல்வார்கள். கிளாஸ்கோவின் மகப்பேறு பேராசிரியர் அவர், விடாப்பிடியாக நின்றவர். அவருக்குரிய பெருமையில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஸ்கேன் மெஷின்களின் மூடியைக் கழற்றிப் பழுது பார்ப்பதே என் பிழைப்பு. அதனால் இந்தக் கடிதம் உங்களுக்கு.

1955-இல் டொனால்டு அறுவை செய்தெடுத்த கட்டிகளை ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்கே கொண்டுபோனார். ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை வைத்து இரும்பில் விரிசல் தேடும் மீயொலிக் கருவியில் வைத்துப் பார்த்தார். அப்புறம் மருத்துவமனையில் ஒரு பழைய இரவல் கருவியோடு மல்லுக்கட்டினார். அந்த மாதிரிக் கருவிகளைச் செய்த கெல்வின் அண்ட் ஹியூஸில் நீங்கள் இளம் பொறியாளர். யாரோ ஒரு டாக்டர் பெண்களிடம் விரிசல் தேடுகிறாராம் என்ற பேச்சு காதில் விழுந்ததும் நீங்களே போன் போட்டுக் கேட்டீர்கள். உங்கள் வேலைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் எதுவுமில்லை.

அந்தக் கருவி திரையில் காட்டியது வெறும் முட்கள். இத்தனை ஆழத்தில் ஏதோ எதிரொலிக்கிறது, அவ்வளவுதான். அது எந்தப் பக்கம் என்று தெரியாது. நீங்கள் செய்தது, உடம்பில் வைத்து ஒலி அனுப்பும் புரோபுக்குத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லக் கற்றுக்கொடுத்தது. அது எங்கே நிற்கிறது, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் மின்னழுத்தமாக மாற்றி, திரையின் கோட்டையும் அதே இடத்தில் அதே சாய்வில் ஓடவிட்டீர்கள். எதிரொலி வந்த கணத்தில் புள்ளி ஒளிரும். ஒரே திசுவை நாலு கோணத்தில் தொட்டாலும் நாலு புள்ளியும் ஒரே இடத்தில் விழ வேண்டும். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் படம் கலைந்த கோலம்தான்.

நேரக் கணக்கும் லேசுப்பட்டதல்ல. உடம்பில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோநொடி. ஆழம் கூடக்கூட எதிரொலி தேய்ந்துபோகும். 2.5 மெகாஹெர்ட்ஸில் 15 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து திரும்பினால் அதன் ஆற்றலில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே அனுப்பும் ஒவ்வொரு ஒலித் துடிப்புக்கும் ஆம்பிளிஃபயர் மெல்ல ஆரம்பித்து, போகப்போகப் பலமாகப் பெருக்க வேண்டும். சிப் இல்லாத, கண்ணாடி வால்வு காலத்தில் இது! அமெரிக்காவில் இதே முயற்சியில் இருந்த மருத்துவர் ஹௌரி, நோயாளியைப் போர் விமானத்தின் துப்பாக்கிக் கூண்டில் நீர் நிரப்பி அதில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் கட்டிலில் சாய்ந்திருப்பவரின் வயிற்றில் ஆலிவ் எண்ணெய் தடவி, கட்டில் மேசை ஒன்றையே புரோபைத் தாங்கும் சட்டமாக்கி முடித்துவிட்டீர்கள்.

1958-இல் லான்செட் இதழில் டொனால்டு, மக்விகார், பிரவுன் என்று மூன்று பெயர்களோடு கட்டுரை வந்தது. இனிக் காப்பாற்ற முடியாத புற்றுநோய் என்று நினைத்த ஒரு பெண்ணுக்கு இருந்தது பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று காட்டியது மீயொலிதான். அறுவை செய்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

சரி, இனி ஒரு வாதம். ஸ்கேன் எடுப்பவரின் கைக்குத் தக்கபடி படம் மாறுவது உங்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால் புரோபை மோட்டாரே நகர்த்தும் தானியங்கி ஸ்கேனர் ஒன்றைக் கட்டினீர்கள். மிகப் பெரிய மெஷின். அது நிலைக்கவில்லை. பிற்பாடு நொடிக்குப் பல படம் எடுக்கும் புரோப்கள் வந்தன; இடம் சொல்லும் கைச்சட்டமும் கழன்று போயிற்று. இன்று எனக்கு வரும் புகார்களில் பாதி, 'அவர் எடுத்தால் தெரிகிறது, இவர் எடுத்தால் தெரியவில்லை' என்பதுதான். மெஷினைத் திறந்தால் ஒரு குறையும் இருக்காது. நீங்கள் எதிர்த்துப் போராடிய அதே பிரச்சினை.

1970-களில் நீங்கள் செய்த முப்பரிமாண ஸ்கேனரும் சந்தையில் தோற்றது. என் எண்ணம், அவசரப்பட்டது நீங்கள் இல்லை, பின்தங்கியிருந்தது கம்ப்யூட்டர்தான். இப்போது சோதனைக்காகச் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸியின்போது ஊசியை வழிநடத்த, புரோபில் காந்த உணரி பொருத்தி எம்.ஆர்.ஐ. படத்தோடு சேர்த்துக் காட்டுகிறார்கள். புரோப் எங்கே, எந்தச் சாய்வில் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. விற்பனைக்காரர்கள் இதைப் புதுமை என்கிறார்கள். நான் அவர்களிடம் உங்கள் கட்டில் மேசையைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஒரு ஸ்கேன் மெஷின் மெக்கானிக்