அந்த ஒரு டிக்கை எடுத்துவிடுங்கள், ஐயா

கணினி ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் லேபில் செவ்வாய்க்கிழமை என் தோழியின் புராஜெக்ட் ஃபோல்டர் கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியும். சிஸ்டம் 17 முன்னால் வந்து நின்று நீங்களே பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "ஒழுங்கா ஷட் டவுன் பண்ணியிருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல்.

காலையில் விண்டோஸில் உட்கார்ந்த பிள்ளைகள் ஒழுங்காகத்தான் பண்ணியிருந்தார்கள், ஐயா. வந்த வினையே அதனால்தான்.

லேபில் உள்ள 40 சிஸ்டத்திலும் விண்டோஸும், உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்தே இருக்கின்றன. காலையில் பி.காம். பிள்ளைகளுக்கு விண்டோஸ், மதியம் எங்களுக்கு உபுண்டு. இரண்டிலும் திறக்கட்டும் என்று டி டிரைவைப் பொதுவாக வைத்தீர்கள். நல்ல யோசனை, குறை சொல்லவில்லை. ஆனால் விண்டோஸில், சீக்கிரம் எழுந்துகொள்வதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற இடத்தில் டிக் விழுந்தபடியே கிடக்கிறது. 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த வசதி இது. ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்களை மூடி, நம்மை லாக் ஆஃப் செய்துவிட்டு, விண்டோஸின் உள்மையமான கெர்னலை மட்டும் அப்படியே ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு படுத்துவிடும். மறுபடி ஆன் செய்தால் அந்தக் கோப்பைப் படித்து, விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். டிரைவ்களை முழுதாகக் கைவிட்டுப் போவதில்லை. வீட்டைக் காலி செய்யாமல் சாவியோடு ஊருக்குப் போன குடித்தனக்காரர் மாதிரி.

இடையில் உபுண்டு வந்து டி டிரைவைத் தட்டினால், விண்டோஸ் இன்னும் கணக்கு முடிக்கவில்லை என்று கண்டுகொண்டு, படிக்க மட்டும் விடுகிறது. சேவ் செய்ய விடாது. அது செய்வது சரிதான்.

திங்கட்கிழமை மதியம் என் பக்கத்து சீட்டுத் தோழிக்கு இதுதான் நடந்தது. அவளிடம் லேப்டாப் கிடையாது. புராஜெக்ட் முழுவதும் லேபில்தான். ஊர் நூலகத்துக்கு ஒரு சின்னப் புத்தகப் பதிவேடு, பைத்தானில். சேவ் ஆகவில்லை என்றதும் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் உதவி செய்யும் எண்ணத்தில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற, டிரைவைச் சரிசெய்யும் கட்டளையை அடித்தார். டிரைவ் திறந்துகொண்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதி, சேவ் செய்து, பஸ்ஸுக்கு ஓடினாள். செவ்வாய் காலை விண்டோஸ் தன் பழைய ஞாபகத்தோடு எழுந்தது. அவள் ஃபோல்டர் இருந்த இடத்தில், கெட்டுப்போனது, படிக்க முடியாது என்று ஒரு செய்தி.

அன்றுதான் மாடல் பிராக்டிக்கல். நினைவில் இருந்ததை மறுபடி அடித்து முடிக்கும்போது ஐந்தரை. ஐந்து பத்து பஸ் போய்விட்டது. அவள் அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லில் 14 கிலோமீட்டர் வந்து கூட்டிப்போனார். போகும்போது அவள் கேட்டது இதுதான்: "எனக்குத்தான் சேவ் பண்ணத் தெரியலையோ?" உங்கள் வார்த்தையை அவள் நம்பிவிட்டாள், ஐயா.

லேப் கதவில் நீங்கள் ஒட்டிய நோட்டீஸ் இருக்கிறது: வேலை முடிந்ததும் கண்டிப்பாக ஷட் டவுன் செய்யவும், மீறினால் அபராதம் 50 ரூபாய். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஷட் டவுனுக்கு மட்டும்தான் வேலை செய்யும். ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக மூடிக்கொள்ளும். ஆகவே ரீஸ்டார்ட் போட்டு, விண்டோஸா உபுண்டுவா என்று கேட்கும் க்ரப் மெனு வந்ததும் பவர் பட்டனை அமுக்கிவிட்டு கேன்டீனுக்கு ஓடும் பையன்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நோட்டீஸை மதிக்கும் பிள்ளைகளால்தான் அடுத்த பேட்சுக்கு ஆபத்து. நம்பிக்கை இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் அப் டைம், அதாவது சிஸ்டம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கைப் பாருங்கள். தினமும் சாயங்காலம் அணைக்கிற சிஸ்டம் நாள்கணக்கில் விடாமல் ஓடுவதாகச் சொல்லும்.

வேறு இடத்தில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். பென் டிரைவை வைரஸ் என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். மெயில் அனுப்ப இன்டர்நெட் இல்லை. லேப் ஃபீஸ் மட்டும் ஒரு செமஸ்டரும் தவறியதில்லை. சிஸ்டத்தின் கடிகாரம்கூட உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் நிற்கிறது. கணினியின் உள்ளே இருக்கும் நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்கிறது, உபுண்டு யூடிசி என்ற உலகப் பொது நேரம் என்கிறது. அதையும் நாங்கள்தான் ஒழுங்காகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றே ஒன்று: அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருப்பதால் எங்களால் முடியாது. பெரிய அப்டேட் வந்தால் டிக் திரும்ப விழுந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதுவரை நோட்டீஸில் ஒரு வரி சேர்த்தால் போதும்: ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுக்கவும். எல்லாமே எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்ட சிஸ்டம். டிக்கை எடுத்தால் பூட் ஆக இன்னும் சில விநாடி ஆகலாம். அட்டெண்டன்ஸ் நோட்டு முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு வர அதைவிட நேரமாகிறது.

அடுத்த திங்கள் பல்கலைக்கழக பிராக்டிக்கல். அதற்குள் 40 சிஸ்டத்திலும் அந்த டிக்கை எடுத்துத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். உங்களுக்கு நேரமில்லை என்றால் சனிக்கிழமை நாங்களே வந்து செய்கிறோம். பாஸ்வேர்டை மட்டும் நீங்கள் அடியுங்கள், நாங்கள் திரும்பி நின்றுகொள்கிறோம்.

இப்படிக்கு,
மூன்றாமாண்டு கணினி அறிவியல் மாணவர்கள் சார்பில்,
சிஸ்டம் 18